நாற்காலியை விட்டு எழுந்தவள்

அத்தியாயம் 17

பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவர் வீட்டில் புதன்கிழமைக்குத் தனி முகம் உண்டு. அன்றைக்கு யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். கதவை மெதுவாகச் சாத்துவார்கள். காப்பி கேட்காமலே வரும். சாயங்காலத்துக்குள் அத்தியாயம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகுதான் வீட்டு மனிதர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

இந்தப் புதன்கிழமை வழக்கம் மாறிவிட்டது. காலையிலேயே சத்தம் கிளம்பியது.

"இந்தப் படத்தை யாரு போடச் சொன்னது?" என்று கேட்டார் அப்பா.

அப்பா என்றால் எழுத்தாளர். போன வாரம் கண் அறுவை முடிந்து, ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு வீடு திரும்பினாரே, அவரேதான். இன்னொரு கண் அதற்கு முன்பே பேருக்குத்தான் இருந்தது. அறுவைக்கென்று வெளியூரிலிருந்து வந்த பெரியவன், "போதும்பா, வியாழக்கிழமை என்கூடக் கிளம்புங்க. இனிமே எழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி, அப்பாவின் துணிகளுக்காக ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்கும் பாதகமில்லை. பெட்டி இன்னும் வாசல் பக்கத்திலேயேதான் நிற்கிறது. வியாழக்கிழமை என்பது நாளைக்கு.

"நீங்கதான சொல்லியிருப்பீங்க?" என்றாள் இளையவள், கையில் கைபேசியை வைத்துக்கொண்டு. "எனக்கென்ன தெரியும்? உதவி ஆசிரியர் அனுப்பியிருக்கார். வண்ணப் பக்கம் அச்சாயிடுச்சாம்."

"படத்துல என்ன இருக்குன்னு இன்னொரு தடவை சொல்லு."

"ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. அது மேல மூக்குக் கண்ணாடி. கைப்பிடியில பாதி தைச்ச சட்டை தொங்குது. ஆள் இல்ல."

அப்பாவின் கை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் தெரியாது. தொடர்கதையில் முதலில் வருவது படம். கதை அதற்குப் பின்னால்தான் வரும். வண்ணப் பக்கங்களை முன்கூட்டியே அச்சடித்துவிடுவதால் ஓவியர் வெள்ளிக்கிழமையே தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், இந்த வாரம் என்ன போடட்டும்?" என்பார். கதையில் ஒரு வரிகூட எழுதியிருக்காத அப்பா, குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்து, "மழையில ஒரு சைக்கிள்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். அப்புறம் புதன்கிழமை மழையையும் வரவழைக்க வேண்டும், சைக்கிளையும் வரவழைக்க வேண்டும். ஒரு தடவை வக்கீலுக்குக் கையில் கட்டு போடச் சொல்லிவிட்டு, ஏன் கட்டு என்பதை அவரே மறந்துவிட்டார். கடைசி நேரத்தில் வக்கீலை ஏணியிலிருந்து தள்ளிவிட வேண்டியதாயிற்று. வாசகர்கள் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு, தள்ளியது யார் என்று கேட்டு வாராவாரம் கடிதம் போட்டார்கள். அந்த ஒரு ஏணி பல வாரம் ஓடியது. கூடத்தில் கடகடவென்று சுற்றும் மின்விசிறி அந்தக் காசில் வந்ததுதான். அதற்கு வீட்டில் 'வக்கீல்' என்றே பெயர்.

அந்த வீட்டில் பொருள்களுக்கெல்லாம் அப்படித்தான் பெயர். குளிர்சாதனப் பெட்டி 'டாக்டரம்மா'. இரட்டைச் சகோதரிகளைப் பற்றிய தொடரில் வாங்கிய இரண்டு கதவு பீரோ 'இரட்டையர்'. பெரியவன் பள்ளிக்கூடத்துக்குப் போன சைக்கிள் 'இன்ஸ்பெக்டர்'. "பாலை டாக்டரம்மாகிட்ட வை", "வக்கீலைக் கொஞ்சம் நிறுத்து, குளிருது" என்று அம்மா சொல்வதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

பெயர் இல்லாதது ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலி ஒன்றுக்குத்தான். அதை எந்தக் கதாபாத்திரமும் வாங்கித் தரவில்லை. அம்மா தெருவாருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த காசில் அவளே வாங்கியது.

வாராவாரம் புதன்கிழமை மத்தியானம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அம்மா அத்தியாயம் கேட்பாள். அப்பா நின்றுகொண்டே படிப்பார். அம்மா பட்டன் தைத்துக்கொண்டே இருப்பாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டாள். எங்கேயாவது ஓரிடத்தில் அவள் கை நின்றுவிட்டால் அத்தியாயம் அச்சுக்குப் போகும். கடைசி வரிவரை ஊசி ஓடிக்கொண்டே இருந்தால், அப்பா பேசாமல் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்துவிடுவார். சின்னப் பெண்ணாக மேஜைக்கு அடியில் படுத்திருக்கும் இளையவள் கதையைக் கேட்க மாட்டாள். அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஒரு காலம். அம்மா இறந்து, அந்தக் கை போய் இரண்டு வருஷமாகிறது.

கை போனதே தவிர, ஆளைப் போகவிடவில்லை அப்பா. இப்போது ஓடுகிற தொடரில் தையல்கார அம்மா என்று ஒருத்தி வருகிறாள். ஊர் வம்பையெல்லாம் ஊசி நுனியில் வைத்திருக்கிறாள். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறாள். யார் என்று வீட்டில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

கைபேசி மறுபடி ஒலித்தது. உதவி ஆசிரியர்.

"அம்மா, சாருக்கு எங்க வாழ்த்தைச் சொல்லுங்க. படத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. தையல்கார அம்மாவை முடிக்கிறார், இல்ல? ஆசிரியர் எத்தனை மாசமா கேட்டுட்டிருந்தார், ஒரு சாவு குடுங்கன்னு! வாசகர்கள் அழுதுடுவாங்க."

"ம்..." என்றாள் இளையவள்.

"இன்னொண்ணு. அரைப் பக்கம் விளம்பரம் வந்திருக்கு. அதனால கொஞ்சம் சுருக்கமா முடிக்கச் சொல்லுங்க. குக்கர் விளம்பரம்."

இளையவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் குக்கர் விளம்பரத்தை எழுதியதே அவள்தான். அப்பாவைப் போலவே அவளும் எழுதித்தான் பிழைக்கிறாள். பெயர்தான் எங்கேயும் வராது. குக்கரோடு வரும் குறிப்புத் தாள், ஷாம்பு பாட்டிலின் முதுகு, தொலைபேசியில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' எல்லாம் அவள் கைவண்ணம். இன்றைக்கு மகள் எழுதியது அப்பன் எழுதப்போவதில் அரைப் பக்கத்தைத் தின்றுவிட்டது.

அவள் ஓவியரைக் கூப்பிட்டாள்.

"நாற்காலி போடச் சொன்னது யாரு சார்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? சார்தான். வெள்ளிக்கிழமை காலையில நான்தான கூப்பிட்டேன். அவர் குரல் எனக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா அறுவை மேஜையில் படுத்திருந்தார். இளையவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

அவள் மெல்லத் திரும்பினாள். பெரியவன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

பெரியவனுக்குக் குரல் உடைந்த வருஷம் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. உடைந்த குரல் அச்சு அசலாக அப்பாவின் குரலாகவே வந்து சேர்ந்தது. அப்பா அதை வீணாக்கவில்லை. அத்தியாயம் முடியாத நாள்களில் பத்திரிகையிலிருந்து தொலைபேசி வந்தால், அரைக்கால் சட்டையோடு நிற்கும் பெரியவன் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடைசிப் பக்கம்தான் ஓடிட்டிருக்கு, அனுப்பிடறேன்" என்பான். உள்ளே அப்பா தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிறகு பெரியவனே இன்ஸ்பெக்டரில் ஏறி, தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பத்திரிகை அலுவலகத்துக்குப் பறப்பான்.

"அண்ணா," என்றாள் இளையவள். "நீயா?"

அவன் ஒளிக்கவில்லை.

"போன் அடிச்சுது. எடுத்தேன். 'சார், என்ன போடட்டும்'னான். நான் அவர் இல்லன்னு சொல்றதுக்குள்ள பழக்கதோஷம், தொண்டையைச் செருமிட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல. எதிர்ல இந்த நாற்காலி இருந்துச்சு. கண்ணுல பட்டதைச் சொல்லிட்டேன்."

"கண்ணாடி? தைச்ச சட்டை?"

"அதுவும்..." அவன் கொஞ்சம் தயங்கினான். "அதுவும் பட்டுது."

நாற்காலியில் அன்றைக்குக் கண்ணாடியும் இல்லை, சட்டையும் இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

"விடு," என்றார் அப்பா. "படம் அச்சாயிடுச்சு. சொன்னதை எழுதிக் குடுக்கணும், அதான் நம்ம தொழில். முடிச்சுடலாம். எழுதிக்கோ."

இளையவள் மடிக்கணினியைத் திறந்தாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, துணி கட்டிய கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"அன்றைக்குக் காலையில் தையல்கார அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோத்தவள்..."

நிறுத்தினார்.

"ஊசியில் நூல் கோத்தவள்," என்று எடுத்துக்கொடுத்தாள் மகள்.

"அடிச்சுடு."

மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை ராத்திரியில், தூக்கத்தில். அதையும் அடிக்கச் சொன்னார். பிறகு, சாவைக் காட்டாமல் அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வதாக எழுதிப் பார்த்தார். எத்தனையோ கதைகளில் எத்தனையோ பேரைக் கண் இமைக்காமல் கொன்றவர், வில்லனைக் கிணற்றில் தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர், இன்றைக்கு ஒரு வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டார்.

டாக்டரம்மாவைத் திறந்து தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள் இளையவள். சாயங்காலத்துக்கு அதிக நேரமில்லை என்று கடிகாரம் காட்டியது.

"எதுக்குப்பா இந்தப் பாடு?" என்றான் பெரியவன். "அவங்க போயிட்டாங்க. போனவங்களை வாராவாரம் இழுத்துட்டு வந்து உக்கார வச்சு, பேச வச்சு... படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

"நீ படிக்கிறியா?" அப்பாவின் குரலில் நிஜமான ஆச்சரியம்.

"வீட்டுக்கு வாங்கிட்டுப் போறதில்ல. கடையில நின்னு படிச்சுட்டு அங்கயே வச்சுடுவேன். கடைக்காரனே இப்பல்லாம் பக்கத்தை மடிச்சு வச்சுக் குடுக்கறான்."

வக்கீல் தலைக்கு மேல் கடகடத்தது. பெரியவனுக்கு இப்போது நிறுத்த முடியவில்லை.

"உங்க கதையில அவங்க எல்லார் வீட்டுக்கும் போறாங்க. பக்கத்துத் தெருவுக்குப் போறாங்க, கல்யாணத்துக்குப் போறாங்க, கோர்ட்டுக்குக்கூடப் போறாங்க. என் வீட்டுக்கு மட்டும் வரல. நிஜத்துலயும் வரல, கதையிலயும் வரல. வீடு கட்டினதுலேருந்து கூப்பிட்டேன். 'இந்தத் தொடர் முடியட்டும்டா, வந்து பத்து நாள் இருக்கேன்'னாங்க. அது முடிஞ்சா அடுத்த வாரமே நீங்க புதுசு ஆரம்பிச்சுடுவீங்க. புதன்கிழமை அவங்க இங்க இருந்தாகணும். அவங்க கை இல்லாம உங்களுக்கு ஓடாது. அப்புறம் எங்க வர்றது?"

அப்பா தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

இளையவளுக்கு அண்ணனின்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எழுத்தாளருக்கு விடுமுறை கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வீடுதான் அது. எழுத்தாளர் பெண்டாட்டிக்கும் கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த நாற்காலியில் அம்மாவைக் கட்டிப்போட்டது வேறு யாருமில்லை, எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிட்ட சோறுதான்.

அவள் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். குக்கருக்குக் குறிப்பு எழுதுகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பாள்.

"அப்பா, நாற்காலி காலியா இருந்தா செத்துட்டாங்கன்னுதான் அர்த்தமா?"

"வேற என்ன?"

"எழுந்து போயிருக்கலாம்ல?"

அப்பாவின் கை மேஜை விளிம்பில் நின்றது.

"கண்ணாடி அங்கயே இருக்கே," என்றார்.

"அதனால என்ன?" என்றான் பெரியவன், அவனை அறியாமல். "அம்மா எப்ப கண்ணாடியை எடுத்துட்டுப் போனாங்க? கடைக்குப் போயிட்டு, விலை தெரியலன்னு பாதி வழியில திரும்பி வருவாங்க."

"சட்டை பாதியில நிக்குதே? தைக்க எடுத்ததை முடிக்காம எழுந்திருக்க மாட்டாளே அவ."

"அதான் விஷயம்," என்றாள் மகள். "முடிக்காமலே எழுந்துட்டாங்க. ஒரே ஒரு தடவை."

அப்பா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முதுகு நிமிர்ந்த விதத்திலேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"டேய்," என்றார் அப்பா. "உன் வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

"என்னது?"

"பஸ்ஸை விட்டு எறங்கினதும். நானும்தான் வந்ததில்லையே. சொல்லு. கண்ணாடி இல்லாத பொம்பளை எதைப் பாத்து வழி கண்டுபிடிப்பா?"

பெரியவன் ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் மரக்கடை. கண்ணை மூடிக்கொண்டாலும் அறுத்த மரத்தின் வாசனை வரும். அதை ஒட்டி ஒரு ஏற்றம். ஏற்றம் முடிகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும். தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி. எண் பலகையைப் படித்தால்தான் உண்டு.

"அவளால படிக்க முடியாது," என்றார் அப்பா. "யார்கிட்டயாவது கேப்பா."

"மத்தியான நேரத்துல தெருவுல யாரும் இருக்க மாட்டாங்க."

"அப்ப நின்னுடுவா. மூச்சு வாங்கும். தண்ணித் தொட்டி நிழல்ல நிப்பா."

"அங்க ஒரு கல்லு இருக்கு. உக்காரலாம்."

"உக்காரட்டும்."

இருவர் குரலும் ஒன்றுபோல் இருந்ததால், தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்த இளையவளுக்கு எது அப்பா சொன்னது, எது அண்ணன் சொன்னது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனாள். தையல்கார அம்மா பஸ் ஏறினாள், இறங்கினாள், மரவாசனையைப் பிடித்துக்கொண்டு ஏற்றம் ஏறினாள், கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே எப்படிப்பா வீட்டைக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான் பெரியவன். மெய்யாகவே வழி தெரியாதவன் கேட்பதுபோல் கேட்டான்.

அப்பா அவசரப்படவில்லை. அந்தக் காலத்தில் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்துவாரே, அப்படி நிறுத்தினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"வீடுகள் அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தன. ஒரு வீட்டு மாடியில் மட்டும் கொடியில் ஒரு சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பழைய சட்டை. சாயம் வெளுத்து, காலர் நைந்து, தூக்கிப்போட வேண்டிய சட்டை. அவள் எழுந்து கிட்டே போனாள். நிறம் தெரியவில்லை, எண் தெரியவில்லை. ஆனால் அந்தத் தோள் இறங்கியிருந்த விதம் தெரிந்தது. மகனுக்கு எந்தப் பார்சலில் அனுப்பியது என்று நினைவில்லை. தைத்த கை தன்னுடையது என்பது மட்டும் நிச்சயம். இதை இன்னுமா போட்டுக்கொள்கிறான் என்று முணுமுணுத்தபடி, தையல்கார அம்மா அந்த வாசற்கதவைத் தட்டினாள்."

இளையவள் கடைசிப் புள்ளியை வைத்தாள். அப்பா மகள் பக்கம் தலையைச் சாய்த்தார். பார்க்க முடியாதவர் கேட்டார்:

"கை?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனின் விரல்கள் பாதி உரித்த பழத்தின் மேல் அப்படியே இருந்தன. அவன் போட்டிருந்ததும் பழைய சட்டைதான். காலர் நைந்திருந்தது. ஒரு வாரமாக அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"நின்னுடுச்சுப்பா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தியாயத்தை அனுப்பினாள்.

உதவி ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஒரு சாவு குடுங்க என்றவருக்கு ஒரு பஸ் பயணம் போயிருக்கிறது. போகட்டும், அவர் பாடு.

சற்று நேரத்தில் கூடத்துத் தொலைபேசி அடித்தது. எடுத்த இளையவள், "ஓவியர்," என்றாள். "காலையில நான் கேட்டதுல அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சாம். அடுத்த வாரத்துப் படத்தை இப்பவே கேட்டு வாங்கிக்கறாராம்."

அப்பா ரிசீவரை வாங்கினார். காதில் வைக்கவில்லை. பிரம்பு நாற்காலி இருந்த திசையில் நீட்டினார்.

"நீயே சொல்லு."

பெரியவன் எழுந்து வந்து வாங்கிக்கொண்டான். பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமப் போனவன், செருமவில்லை.

"நான் அவர் பையன் பேசறேன். ஒரு வாசற்கதவு போடுங்க. உள்ளேயிருந்து ஒருத்தன் திறக்கிறான்."

மறுமுனையில் ஓவியர் கேட்டது இளையவளுக்கும் கேட்டது: "அவன் முகம் எப்படி இருக்கணும் சார்? சிரிக்கிறானா? கோவமா?"

பெரியவன் வாசல் பக்கத்தில் நிற்கும் காலிப் பெட்டியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். நாளைக்குக் காலையில் ஊருக்குக் கிளம்பவிருந்தவன், பிறகு நிதானமாகச் சொன்னான்:

"அது எனக்கே இன்னும் தெரியல. வெள்ளிக்கிழமை நேர்ல வரேன். என் முகத்தைப் பாத்துப் போட்டுக்கோங்க."